சம்மட்டியால் தட்டினால் நியூயார்க்

எடிசன், நியூஜெர்சி
மார்ச் 2025

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

"எப்போது போன் போட்டாலும் எடுப்பதில்லை, அமெரிக்கா போனதும் பயல் மாறிவிட்டான்" என்று அத்தையிடம் குறைபட்டுக்கொண்டீர்களாம். நீங்கள் சாயங்காலக் காபியை முடித்துவிட்டுக் கூப்பிடும்போது எனக்கு இங்கே காலை ரயில். அதிலும் நான் ஏறுவது பேசக் கூடாத பெட்டி. அப்படியொன்று தனியாக வைத்திருக்கிறார்கள். ஒருநாள் மறந்துபோய், "சொல்லுங்க சித்தப்பா" என்றேன். பெட்டியே திரும்பிப் பார்த்தது. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

எனக்கு நியூயார்க்கில் வேலை என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறீர்கள். வேலை அங்கேதான், வாடகை கட்டுப்படியாவது எடிசனில். நடுவில் சுமார் 50 கிலோமீட்டரும் ஹட்சன் ஆறும். டைம்டேபிளில் பார்த்தால் ஒரு மணி நேரம்கூட இல்லை. அதை எழுதினவர் ரயிலில் வருகிறவராகத் தெரியவில்லை.

ஸ்டேஷனில் கார் நிறுத்த பெர்மிட் வேண்டும். அதற்கொரு காத்திருப்போர் பட்டியல். எனக்கு முன்னால் இருப்பவர்கள் ரிட்டயரானால்தான் என் முறை வரும். அதுவரை உங்கள் மருமகள் நைட்டிமேல் குளிர்கோட்டை மாட்டிக்கொண்டு வந்து இறக்கிவிடுகிறாள்.

வழியில் ஹேக்கன்சாக் ஆற்றுப் பாலம், 1910-இல் திறந்தது. படகு வந்தால் அதன் நடுப்பகுதி அப்படியே சுழன்று வழிவிடும். திரும்பி வந்து தண்டவாளத்தோடு பொருந்த வேண்டுமே, சில நாள் அடம்பிடிக்கும். ஆட்கள் சம்மட்டியோடு போய்த் தட்டிப் பொருத்துவார்கள். சத்தியம், பேப்பரிலேயே வந்திருக்கிறது. பக்கத்தில் புதுப் பாலம் எழும்பிக்கொண்டிருக்கிறது. பாலத்தைத் தாண்டினால் ஹட்சன் ஆற்றுக்கடியில் சுரங்கம். அதுவும் 1910 சரக்குதான். போக ஒரு தடம், வர ஒரு தடம். 2012 சாண்டி புயலில் உப்புத்தண்ணீர் புகுந்ததிலிருந்து அதற்கும் உடம்பு சரியில்லை. ஒன்று படுத்தால் இரண்டு பக்க ரயிலும் மற்றொன்றில் முறைவைத்துப் போகும்.

சாயங்காலம் திரும்பும்போது நியூயார்க் பென் ஸ்டேஷன் கூத்து. எந்த பிளாட்பாரம் என்று கடைசிப் பத்து நிமிஷம் வரை சொல்லமாட்டார்கள். கோட்டு சூட்டுக் கனவான்கள் எல்லாம் போர்டை அண்ணாந்தபடி, அவசரமே இல்லாதவர்கள்போல நிற்பார்கள். நம்பர் விழுந்ததோ இல்லையோ, பந்திக்கு இலை போட்டாச்சு என்று கேட்ட கல்யாணக் கூட்டம்தான். "எக்ஸ்க்யூஸ் மி" வாயில், இடி முழங்கையில். தாம்பரம்–பீச் ரயிலில் நீங்கள் கற்றுத்தந்தீர்களே, பையை நெஞ்சோடு அணைத்துத் தோளைச் சாய்த்துப் புகுகிற வித்தை, அதுதான் இங்கே சோறு போடுகிறது.

காரில் போனால் என்ன என்பீர்கள். ஆற்றுச் சுரங்கத்துக்குச் சுங்கம். இந்த ஜனவரியிலிருந்து 60-ஆவது தெருவுக்குத் தெற்கே நுழைந்தாலே பகலில் 9 டாலர். சுங்கம் கட்டி வந்தவருக்கு அதில் கொஞ்சம் கழிவு உண்டு, அவ்வளவு நல்லவர்கள். பிறகு காரை நிறுத்தக் கொடுக்கிற காசில் மாம்பலத்தில் லாட்ஜில் ரூம் எடுத்து நான் படுத்துக்கொள்ளலாம்.

சுதந்திர தேவி சிலை எப்படி இருக்கிறது என்று சித்தி கேட்டிருந்தார்கள். என் ஆபீஸ் பென் ஸ்டேஷனிலிருந்து இரண்டு தெரு. நியூயார்க்கில் நான் நன்றாகப் பார்த்தது அந்த இரண்டு தெருவும் போர்டும்தான். ஜூலையில் இருவரும் வாருங்கள், மூவருமாகப் பார்ப்போம். ஞாயிற்றுக்கிழமை போனால் ஆபீஸ் கூட்டம் இருக்காது. ரயிலும் அவ்வளவாக இருக்காது. விசாவுக்கு மட்டும் இப்போதே எழுதிப்போடுங்கள். அந்த வரிசைக்கு முன்னால் என் ரயில் எக்ஸ்பிரஸ்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகன்
ராஜு