குதிரை முதலில்

எங்கள் ஊரில் யாருக்கு யார் ஒதுங்குவது என்பதற்குச் சட்டப் புத்தகம் தேவையில்லை. பஸ்ஸுக்குக் கார் ஒதுங்கும், காருக்கு ஸ்கூட்டர், ஸ்கூட்டருக்கு சைக்கிள். நடந்து போகிறவன் எல்லோருக்கும் ஒதுங்குவான். எருமைக்கு மட்டும் பஸ்ஸும் நிற்கும்.

சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே, சான் பாப்லோ விரிகுடாவை ஒட்டிய சைனா கேம்ப் மாநிலப் பூங்காவில் இந்த வரிசையைத் தலைகீழாக்கி மஞ்சள் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். சைக்கிள்காரர் நடப்பவருக்கு வழிவிட வேண்டும். இருவரும் குதிரைக்கு வழிவிட வேண்டும். சைக்கிளுக்கு மணிக்கு 15 மைல்தான் உச்ச வேகம். எதிரே வருவது தெரியாத வளைவில் 5. நாய்க்குக் காட்டுப் பாதையில் அனுமதியே கிடையாது.

இதில் கடைசிப் படியில் நிற்கும் என் அக்கா மகனின் சைக்கிள், நான் சென்னையில் ஓட்டும் காரை விட விலை அதிகம். கார்பன் உடம்பு, முன்னும் பின்னும் ஷாக் அப்சார்பர், பொத்தானை அமுக்கினால் தாழும் சீட். "முந்நூறு கிராம் குறைச்சிருக்காங்க மாமா" என்றான். அவன் தொப்பையைப் பார்த்தேன். அக்கா மகன், என்ன சொல்ல முடியும்?

இந்த மலைச் சைக்கிள் விளையாட்டு பிறந்ததே பூங்கா இருக்கும் இதே மரின் மாவட்டத்தில்தான், அதுவும் காயலான் கடைச் சரக்கில். 1970களில் இங்கத்துப் பையன்கள் 1930, 40களின் தடித்த டயர் ஷ்வின் சைக்கிள்களைத் தேடிப்பிடித்து மலையிலிருந்து உருட்டினார்கள். 1976இல் ஃபேர்ஃபாக்ஸ் ஊரருகே பந்தயமே வைத்தார்கள்: இரண்டு மைல் சொச்சத்தில் 1,300 அடி இறக்கம். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பிரேக்தான். கீழே வருவதற்குள் சக்கர அச்சிலிருந்த கிரீஸ் கொதித்துப் புகையாகப் போய்விடும். மறுபடி அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். மறு வருடம் ஜோ பிரீஸ் என்பவர் இதற்கென்றே புது சைக்கிள் ஃபிரேம் செய்தார். அன்று பிடித்த செலவு இன்னும் நிற்கவில்லை.

எனக்கு வாடகை சைக்கிள். பாதை ஓரத்தில் பளபளவென்று மூன்று மூன்றாக இலை விட்ட செடி ஒன்று. வில்வம் மாதிரி இருக்கவே கை தானாக நீண்டது. "மாமா, தொடாதீங்க!" என்று அலறினான். பாய்சன் ஓக், பட்டால் வாரக்கணக்கில் சொறிய வேண்டுமாம். மாமரத்துக்கும் முந்திரிக்கும் சொந்தக்காரச் செடிதான். மாங்காய்ப் பால் பட்டு உதடு வெந்தவர்களுக்குக் குடும்பக் குணம் புரியும்.

கரையோரத்தில் பழைய சீன மீனவர் குடியிருப்பு. 1880களில் ஐந்நூறு பேர் வரை இருந்து இறால் பிடித்து, காயவைத்து, சீனாவுக்குக் கப்பலேற்றினார்களாம். பூங்காவில் எனக்கு உடனே விளங்கிய ஒரே விஷயம் இதுதான். சென்னாக்கூனி வியாபாரம்! இன்னும் கொஞ்சம் விசாரிக்கலாம் என்றால், மருமகனுக்கு இறக்கம் காத்திருந்தது.

அந்த இறக்கத்தின் பாதியில் குதிரை வந்தது. மேலே ஓர் அம்மாள். அவன் சட்டென்று இறங்கி, பள்ளத்துப் பக்கமாக ஒதுங்கி, "பேசுங்க மாமா, பேசுங்க" என்றான்.

"யார்கிட்டடா?"

"குதிரைகிட்ட. ஹெல்மெட்டும் கண்ணாடியுமா நின்னா நம்மை என்னமோ மிருகம்னு மிரளும். குரல் கேட்டால்தான் மனுஷன்னு தெரியும்."

இத்தனை வயதுக்கு மேல் ஒரு குதிரையிடம் நான் மனிதன் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. அதன் பாஷை தெரியாது. என் இங்கிலீஷ் மேலும் மிரட்டிவிடுமோ என்று பயம். "என்னம்மா, சாப்பிட்டாச்சா?" என்றேன். அது காதைத் திருப்பிக் கேட்டது. அந்த அம்மாள் நன்றி சொன்னார். குதிரை நடந்துகொண்டே வாலைத் தூக்கி, நட்டநடுப் பாதையில் தன் காரியத்தை முடித்துவிட்டுப் போனது.

மருமகன் சைக்கிளை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு அதற்கும் வழிவிட்டு நடந்தான்.