தராசில் ஏறும் பயணி

தெமியாங், சிரம்பான்

அன்புள்ள மாமாவுக்கு,

மலேசியாவில் விமானம் ஏறுமுன் ஆளையே தராசில் நிறுத்துகிறார்களாமே, மனுஷனா நெல்மூட்டையா என்று கேட்டிருந்தீர்கள். எல்லா விமானத்துக்கும் அப்படியில்லை. போர்னியோ தீவில் மீரியிலிருந்து பாரியோ மலைக்கு மாஸ்விங்ஸ் ஓட்டிவந்த ட்வின் ஆட்டர் போன்ற குட்டி விமானங்களில்தான் இந்த மரியாதை. அதில் 19 இருக்கை. விமானம், ஆள், பெட்டி, எண்ணெய் எல்லாம் சேர்த்து 5,670 கிலோவைத் தாண்டிக் கிளம்பக் கூடாது. 70 கிலோ ஆள் ஒருவர் ஏறினாலே மொத்தத்தில் நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது. 79 டன் போயிங்கில் அதே ஆள் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதனால்தான் பெரிய விமானத்தில் உங்கள் எடையைக் கேட்பதில்லை, சராசரி போட்டுக்கொள்கிறார்கள். நம்மைப் பொருட்படுத்தாததை மரியாதை என்று நினைத்துக்கொள்கிறோம். தராசில் நிறுத்துகிறவனுக்குத்தான் நாம் உண்மையில் கணக்கில் வருகிறோம். (அத்தையிடம் இந்த வாதத்தைச் சொல்ல வேண்டாம்.)

இந்தக் குட்டி விமானங்களை ஜெட் விமானத்தின் ஏழைத் தம்பியாகப் பார்ப்பதால்தான் எல்லாக் குறையும் தெரிகிறது. என் கணக்கில் இவை மினிபஸ்ஸின் வம்சம். பாரியோவுக்கு மரம் ஏற்றும் லாரிப் பாதையில் போனால் நாள் முழுக்க ஆகும், மழை பெய்தால் அதுவும் நிச்சயமில்லை. விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். போகும்போது மருந்தும் வாத்தியாரும், வரும்போது பேர்போன பாரியோ அரிசியும் பிரசவத்துக்குப் போகும் பெண்ணும். நம்மூர் மினிபஸ்ஸில் ஆட்டுக்குட்டியும் ஏறும், இதில் ஏறாது, வித்தியாசம் அவ்வளவுதான்.

பஸ் என்றால் நட்டத்தை யார் தாங்குவது என்ற கேள்வி வரும். இங்கே இரண்டு விடை இருந்தது. தியோமான் தீவுக்கு, கோலாலம்பூருக்கு அருகிலுள்ள சுபாங்கிலிருந்து பெர்ஜயா ஏர் பறந்தது. தீவின் ஓடுதளம் சுமார் ஒரு கிலோமீட்டர்தான், ஒரு முனையில் மலை. குட்டையான தளத்திலும் இறங்கக்கூடிய நாலு எஞ்சின் டேஷ் 7 அதற்கு ஏற்றது. ஆனால் அந்தக் கம்பெனிக்கு அதே தீவில் சொகுசு விடுதியும் இருந்தது. விமானம் விருந்தாளியைக் கொண்டுவரும் வண்டி. 2014இல் அந்தச் சேவை நின்றதும் தீவுக்காரர்களுக்கு மிஞ்சியது எதிர்க்கரை ஊரான மெர்சிங்கிலிருந்து வரும் படகு. பாரியோ வழித்தடமோ அரசாங்க மானியத்தில் ஓடுவது. விருந்தாளி வராவிட்டாலும் பறந்தாக வேண்டும்.

சிரம்பான்காரன் வரிப்பணத்தில் போர்னியோ மலைக்காரன் ஏன் பறக்க வேண்டும் என்று இங்கேயும் கேட்கிறார்கள். கேள்வியில் நியாயம் உண்டு. பால்மரத் (ரப்பர்) தோட்டத்துத் தொழிலாளர் லயங்களுக்கு ஒழுங்கான ரோடு போடவே யாரும் அவசரப்பட்டதில்லை. அந்த லயங்களிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். ஆனால் தோட்டத்துக்கு ரோடு வரவில்லை என்பது மலைக்கு விமானம் வரக் கூடாது என்பதற்குக் காரணமாகாது; இரண்டுக்கும் பணம் கேட்பதற்கே காரணம். 2021இலிருந்து தமிழ்நாட்டு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, அதற்கு லாபக்கணக்கு கேட்பீர்களா? கேட்பீர்கள், நீங்கள் கேட்கக்கூடியவர்தான். அப்படியானால் இந்தியாவில் சிறு ஊர்களுக்குப் பறந்த வாயுதூத் விமான நிறுவனத்தை நினைத்துப் பாருங்கள். 1981இல் ஆரம்பித்து, டார்னியர் விமானத்தில் தஞ்சாவூர் வரை வந்து, தொண்ணூறுகளில் இந்தியன் ஏர்லைன்ஸுக்குள் கரைந்துபோயிற்று. தஞ்சாவூருக்கு ரயில் இருந்ததால் யாரும் அழவில்லை. பாரியோவுக்கு ரயில் இல்லை.

நேரத்துக்கு வருவதில்லை என்பது அடுத்த குற்றச்சாட்டு. உண்மைதான். மலை இடுக்கில் மேகம் அடைத்தால் பறக்க மாட்டார்கள். ஆனால் மெர்சிங் படகுக்காரரும் கடலில் தண்ணீர் ஏறும்வரை கிளம்புவதில்லை. அவரை யாரும் திட்டுவதில்லை, ஏனென்றால் தண்ணீர் கண்ணுக்குத் தெரிகிறது. மேகத்தைக் கீழே உட்கார்ந்து காத்திருப்பவர் பார்ப்பதில்லை, பறக்கிறவர்தான் பார்க்கிறார்.

நீங்களும் அத்தையும் தியோமான் பார்க்க வருவதானால் நவம்பரிலிருந்து பிப்ரவரிவரை வேண்டாம், பருவமழையில் கடல் பொல்லாதது. பாரியோவும் போக ஆசையிருந்தால், குட்டி விமானத்தில் ஆளுக்குப் பத்து கிலோ பெட்டிதான். மாவடு ஜாடியை இங்கேயே இறக்கிவிட்டுப் போகலாம்.

அன்புடன்,
உங்கள் மருமகன்