மதில் கட்டியவன் பூப்பார்க்கப் போனான்

கனடாவில் இருக்கிற மகள் ஒவ்வொரு மே மாதமும் காட்டுப்பூ பார்க்கப் போன படங்களை அனுப்புவாள். மூன்று இலை, மூன்று இதழோடு வெள்ளைவெளேரென்று டிரில்லியம். 1937இலிருந்து ஒன்ராறியோ மாகாணத்தின் பூ அதுதானாம். விதை முளைத்துப் பூக்க ஏழெட்டு வருசம் செல்லுமாம். மரங்கள் தழைத்து நிழல் கட்டமுன்னம் பூத்து முடித்துவிட வேண்டிய அவசரம் வேறு.

எங்களுக்கென்ன குறைச்சல்? மாரி மழை ஓய்ந்து தை பிறந்தால் யாழ்ப்பாணத்துக்கும் வசந்தம்தான். பங்குனி வெயில் ஏறமுன்னம் பார்த்துவிட வேண்டும். மணற்காட்டுப் பக்கம் செடிகொடி காட்ட ஆட்களைக் கூட்டிப்போகிறார்கள் என்றதும் பெயரைக் கொடுத்துவிட்டேன். தொப்பி, குறிப்புப் புத்தகம், முழங்கால் தைலம் சகிதம் புறப்பட்டோம்.

வழிகாட்டித் தம்பி முதலில் நின்றது காட்டில் அல்ல, ஒழுங்கையோரக் கிளுவை வேலியில். "இது முசுட்டை. இலையின்ர அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கோ, பட்டு மாதிரி. இது மொசுமொசுக்கை. அது குறிஞ்சா." நான் பயபக்தியோடு எழுதினேன்.

"இஞ்சாருங்கோ, இதெல்லாம் எங்கட வேலியில நிண்டதுகள். நீங்கள்தானே கூலி குடுத்துப் பிடுங்குவிச்சு மதில் கட்டினனீங்கள்? சலரோகக் குளிசை போடுற மனுசன் குறிஞ்சாவையும் விடேல்லை" என்றாள் கூட வந்த இல்லத்தரசி.

கூட்டம் முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. மதில் கட்டின காசைச் சொல்லியிருந்தால் மரியாதை கொஞ்சம் மிஞ்சியிருக்கும்.

கடற்கரை மணலில் அடம்பன் படர்ந்து கிடந்தது. ஊதாப் புனல்பூ, ஆட்டுக் குளம்பாய்ப் பிளந்த இலை. கணுவுக்குக் கணு வேர்விட்டு மணலைப் பிடித்துக்கொள்ளும். விதையோ கடலில் மிதந்து வேறு கரை சேரும். திரண்டால் மிடுக்கென்று பழமொழி சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் இராவணன்மீசை கணுக்காலில் ஏறிவிட்டது. அதன் விதைத்தலை முள்ளுருண்டை. காற்றடித்தால் முள்நுனிகளில் நின்று விறுவிறுவென்று உருண்டோடும், விதையை வழியெல்லாம் சிந்திக்கொண்டு. நான் குனிந்து படமெடுக்குமுன் மூன்று உருண்டைகள் தாண்டிப் போய்விட்டன. என் வயிறு குனிய நேரமெடுக்கும்.

திரும்பும்போது இல்லத்தரசியின் பைக்குள் முசுட்டை இலை. "அம்மா, ஒண்டும் ஆயக்கூடாது" என்றான் தம்பி. "வறைக்கு ஒரு பிடிதான் மோனை" என்றாள். அவன் சற்று யோசித்து, "எப்பிடி வறுக்கிறது?" என்றான். அவ்வளவுதான், கூட்டம் அவளைச் சுற்றிக்கொண்டது. என் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், எந்த விஞ்ஞானப் பெயரும் இல்லாமல், தேங்காய்ப்பூவின் அளவு மட்டும் தெளிவாக இருக்கிறது.