கலிஃபோர்னியாவில் மடி ஆசாரம்

ஹைதராபாத் தார்நாகாவில் இருக்கும் அப்பா, அம்மாவுக்கு உங்கள் பிள்ளை நமஸ்காரத்துடன் எழுதுவது. இங்கே கலிஃபோர்னியாவில் உங்கள் மருமகள் பாஸ் பண்ணிவிட்டாள், இனி அவள் லைசென்ஸ் பெற்ற நர்ஸ். "பி.காம். படிச்சவளுக்கு இந்த வயசுல இது எதுக்கு?" என்று அம்மா போனில் கேட்டாளே, அதற்குப் பதில் எழுத இப்போதுதான் வீட்டில் நிம்மதி கிடைத்தது.

முதலில் அப்பாவின் சந்தேகம். நம் ஊரில் ஜி.என்.எம். மூன்று வருஷம், பி.எஸ்ஸி. நர்சிங் நாலு வருஷம், அங்கே மட்டும் ரெண்டே வருஷத்தில் எப்படி என்று கேட்டிருந்தார். அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் ஆஸ்பத்திரியிலேயே தங்கி மூன்று வருஷம் படிப்பதுதான் வழக்கம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நர்ஸ்களுக்குப் பஞ்சம் வந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்து டீச்சர்ஸ் காலேஜில் மில்ட்ரெட் மாண்டாக் என்ற அம்மாள், ஜூனியர் (இன்றைய கம்யூனிட்டி) காலேஜில் இரண்டு வருஷம் படித்தால் போதும் என்று 1951-ல் ஆராய்ச்சி எழுதினார். மறு வருஷமே ஏழு கல்லூரிகளில் நடத்திப் பார்த்தார்கள், பிழைத்துக்கொண்டது. இன்றைக்கு நாலு வருஷம் படித்தவருக்கும் இரண்டு வருஷம் படித்தவருக்கும் லைசென்ஸ் பரீட்சை ஒன்றேதான்.

அந்த இரண்டு வருஷம் உள்ளே நுழைந்த பிறகு ஆரம்பிக்கிற கணக்கு. அதற்கு முன்னால் உடற்கூறு, உடலியங்கியல், நுண்ணுயிரியல், இங்கிலீஷ் என்று ஒரு வரிசை முடித்தாக வேண்டும். கம்யூனிட்டி காலேஜில் மற்ற வகுப்புகளுக்கு யார் வேண்டுமானாலும் சேரலாம். மாநிலத்தில் ஒரு வருஷமாகக் குடியிருப்பவருக்கு யூனிட்டுக்கு 46 டாலர்தான் கட்டணம், 2012 முதல் ஏறவில்லை. நர்சிங் வாசலில் மட்டும் கூட்டம் தாங்காது. நாற்பதை நெருங்கும் உங்கள் மருமகள், 206 எலும்புகளையும் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்து, பால் எடுக்கப் போகும்போதெல்லாம் ஒப்பித்தாள். ஆறு வயசுப் பேத்திக்கு இப்போது வாய்ப்பாடு தெரியாது, மணிக்கட்டு எலும்புகள் எட்டும் தெரியும்.

நுண்ணுயிரியல் வகுப்பில் மலேரியா வந்தது. கொசுவின் வயிற்றில் அந்தக் கிருமியை ரொனால்ட் ராஸ் கண்டுபிடித்தது 1897 ஆகஸ்ட் 20, செகந்திராபாதில் என்று ஆசிரியர் சொன்னதும் கையைத் தூக்கிவிட்டாளாம். தார்நாகாவில் மெட்ரோ ஏறினால் அதே நீலத் தடத்தில் பேகம்பேட், ராஸ் இருந்த கட்டடம் அங்கேதான் என்று வகுப்புக்கு வழி சொல்லியிருக்கிறாள். சத்துணவுப் பாடத்துக்கும் விடவில்லை. அப்பா தினம் வாக்கிங் போகும் வழியில் இருக்கிறதே தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், அது 1918-ல் குன்னூரில் பிறந்து 1958-ல் ஹைதராபாத்துக்குக் குடிவந்தது, அதை வளர்த்த டாக்டர் சி. கோபாலன் நம் சேலத்துக்காரர் என்றெல்லாம் ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தாள். அமெரிக்காவில் தார்நாகாவின் பெருமை கொஞ்சம் அதிகமாகவே பரவியிருக்கிறது.

அடுத்தது டீஸ் என்ற நுழைவுத் தேர்வு. 209 நிமிஷத்தில் 170 கேள்விகள். கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்களில் 62 சதவீதம் வாங்கினால் தேறியது கணக்கு. தேறினால் இடம் உண்டா என்றால், அது வேறு கதை. சில கல்லூரிகளில் தகுதியுள்ள எல்லோர் பெயரையும் போட்டுக் குலுக்கல். நுழைவுத் தேர்வு ரேங்க்குக்கு உயிரை விடும் ஊரிலிருந்து வந்தவளுக்கு இது ஜீரணமாகவே இல்லை. வேறு சில கல்லூரிகள் புள்ளி போடுகின்றன, அதில் ஒரு புதையல் இருந்தது. இங்கிலீஷ் தவிர இன்னொரு மொழி தெரிந்தால் தனிப் புள்ளி. இந்த மாநிலச் சட்டம் சொல்லும் மொழிகளில் ஸ்பானிஷ், சீனத்தோடு இந்தியத் துணைக்கண்டத்து மொழிகளும் உண்டு. தமிழ், தெலுங்கு, ஹிந்தி மூன்றும் தெரியும் என்றாள். மூன்றுக்கும் சேர்த்து ஒரே புள்ளிதானாம். தார்நாகாவில் வாழ்க்கைப்பட்டதற்கு அதுவாவது கிடைத்ததே!

உள்ளே போன பிறகு நடந்ததுதான் வேடிக்கை. ஸ்டெரைல் கையுறை போடுவதற்கு ஒரு பரீட்சை. சுத்தமான துணியை விரித்தால் அதன் ஓரம் ஓர் அங்குலம் தீட்டு. கை இடுப்புக்குக் கீழே இறங்கினால் தீட்டு. துணிக்கு முதுகைக் காட்டித் திரும்பினால் தீட்டு. மூக்கு அரித்து லேசாகத் தொட்டுவிட்டால் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டு முதலிலிருந்து. கூடப் படித்தவர்கள் திணற, உங்கள் மருமகள் ஒரே தடவையில் தேறினாள். நம் பாட்டி மடி வஸ்திரம் உலர்த்தும்போது குறுக்கே போகாமல் பழகியவளுக்கு இது எம்மாத்திரம்! பாட்டி இருந்திருந்தால் பாடமே எடுத்திருப்பாள்.

வீட்டில் நோயாளி உங்கள் பிள்ளைதான். ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றி, காற்றை ஏற்றி, முழங்கை மடிப்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, "பேசாதீங்க, முதல் சத்தம் கேக்கணும்" என்பாள். அந்தச் சத்தங்களை 1905-ல் விவரித்தவர் கொரோட்கோவ் என்ற ரஷ்ய டாக்டர். அவருக்கும் கல்யாணமான கை ஒன்று கிடைத்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆள் படுத்திருக்கும்போதே படுக்கை விரிப்பு மாற்றுவது எப்படி என்று பழகுவாள். விழித்திருந்தால் சௌகரியம், தூங்கினால் இன்னும் சௌகரியமாம்.

பரீட்சைக் கேள்விகளோ விபரீதம். நாலு விடையும் சரி, முதலில் செய்ய வேண்டியது எது? மூச்சுப்பாதை, மூச்சு, ரத்த ஓட்டம் என்ற வரிசையில் யோசிக்க வேண்டும். ஒரு நாள் அடுப்பில் பால் பொங்குகிறது, போன் அடிக்கிறது, பேத்தி விழுந்து அலறுகிறாள். மருமகள் நிதானமாகப் போய் அடுப்பை அணைத்தாள். "அலர்றான்னா மூச்சுப்பாதை திறந்திருக்கு" என்றாள். பேத்தியே அழுகையை நிறுத்திவிட்டு அம்மாவை முறைத்துப் பார்த்தாள்.

ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கு விடியுமுன் கிளம்பிவிடுவாள். ஒரு நாள் இங்கிலீஷ் தெரியாத தெலுங்குப் பாட்டி ஒருவர் வார்டில் இருந்தாராம். "ஏம்மா, தின்னாரா?" என்று இவள் கேட்டதும் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லையாம். என்ன வியாதி, எந்த ஊர் என்று அம்மா கேட்க வேண்டாம். 1996-ல் வந்த ஹிப்பா என்ற சட்டம் வாயைக் கட்டிவிட்டது, சொன்னால் வேலைக்கே ஆபத்து. ஆர்.டி.சி. ஆஸ்பத்திரியில் காலையில் சேர்ந்தவரின் ஸ்கேன் ரிப்போர்ட் மாலையில் தெருமுனைக்கு வந்துவிடும் நம் பேட்டையில் இந்தச் சட்டம் ஒரு நாள் தாங்காது.

கடைசியில் என்கிளெக்ஸ் என்ற லைசென்ஸ் பரீட்சை. ஆளுக்குத் தகுந்தபடி கேள்வியைக் கூட்டிக் குறைத்துக் கேட்கும் கம்ப்யூட்டர். குறைந்தது 85, அதிகம் 150 கேள்வி, ஐந்து மணி நேரம். முடிவு தெரிந்த கணத்தில் திரை சட்டென்று அணைந்துவிடும், தேறியதா தவறியதா என்று சொல்லாது. வெளியே வந்தவள் வீடு வரை பேசவே இல்லை. பிள்ளைக்குத்தான் ரத்த அழுத்தம் ஏறியது.

படிப்பு தீர்ந்தது என்று அப்பா நினைக்க வேண்டாம். பெரிய ஆஸ்பத்திரிகள் பலவும் நாலு வருஷ நர்சிங் பட்டம்தான் கேட்கின்றன. நியூயார்க் மாநிலம் 2017-லேயே, பத்து வருஷத்துக்குள் பட்டம் வாங்கு என்று சட்டம் போட்டுவிட்டது. இங்கே கட்டாயமில்லை, ஆனாலும் ஆன்லைனில் விண்ணப்பித்துவிட்டாள்.

மருமகள் உத்தரவு ஒன்று: லாலாகூடா ரயில்வே ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குத் தரும் மாத்திரை அட்டைகளைப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். "சின்ன வெள்ளை மாத்திரை, ராத்திரி மாத்திரை" என்றெல்லாம் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டாளாம். பெயர், அளவு, வேளை மூன்றும் வேண்டும். அம்மா ஆவக்காயை எந்த அலமாரியில் ஒளித்து வைத்திருக்கிறாள் என்பதையும் அப்பா தனியாக எழுதலாம், அது ஹிப்பாவில் வராது.