நத்தைக்குச் சமைக்கிறவர்

மேலநீலிதநல்லூர்ப் பக்கத்தில் நத்தை புதிதல்ல. மழை பெய்து குளம் பெருகினால் வரப்போரம் நத்தை பொறுக்கி, அவித்து, கறியை ஊசியால் நெம்பியெடுத்து, மிளகு தூக்கலாகப் போட்டு வறுத்துத் தின்ற தலைமுறை இன்னும் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது. மூலத்துக்கு நல்லதென்று தேடி வாங்குகிறவர்கள் இன்றும் உண்டு. ஆகவே நத்தையைச் சமைக்கிறவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நத்தைக்குச் சமைக்கிறவரைத்தான் தெருவே எட்டிப் பார்க்கிறது.

இவருக்கு நாற்பதை நெருங்கும் வயது. ஒன்றிய அலுவலகத்திலோ, கல்லூரியிலோ, செல்போன் கடையிலோ வேலை. முதலில் வாங்கியது மீன்தொட்டிதான். கண்ணாடியில் பாசி பிடிக்கிறதே என்று கேட்டதற்கு, “நத்தை விடுங்க சார், வழிச்சிரும்” என்றார் கடைக்காரர். சென்னைக் கொளத்தூர்ச் சரக்கு என்று சொல்லி மஞ்சள் ஓட்டு ஆப்பிள் நத்தைகளைக் கவரில் போட்டுக் கொடுத்தார். நத்தைகள் சொன்னபடி பாசியை வழித்தன, பாசி தீர்ந்தது. வினை அங்கே தொடங்கியது. வேலைக்கு வந்தவர்களுக்குச் சாப்பாடு போடுவது வேலை கொடுத்தவர் பொறுப்பு என்று இவர் முடிவு செய்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அடுப்படி அவர் கைக்குப் போகும். முருங்கைக்கீரையை உருவி, பீர்க்கங்காய், கேரட்டோடு வேகவைத்து மிக்சியில் அரைப்பார். மீன்தீனித் தூள் ஒரு கரண்டி. முட்டை ஓட்டைக் கழுவி, உள்சவ்வு உரித்து, வெயிலில் காயவைத்து, மாவாகப் பொடித்துச் சலித்துச் சேர்ப்பார். வீட்டு முட்டை போதாததால் புரோட்டா கடையில் சொல்லிவைத்திருக்கிறார். கொத்து புரோட்டா போடுகிறவர் ஓடுகளைத் தனிப் பையில் சேர்த்துத் தருகிறார். எதற்கென்று கேட்பதை விட்டுவிட்டார். ஓடு கிடைக்காத வாரம் நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை வாங்கி உரசிப் போடுவார். கணவாயின் உள்ளோடுதான் அது. வெளிநாட்டு நத்தைப் பிரியர்கள் இந்தக் கலவையை ஜெலட்டின் ஊற்றி உறைய வைக்கிறார்கள். ஜெலட்டின் மாட்டுத் தோலிலும் எலும்பிலும் எடுப்பது என்று தெரிந்த அன்றே வீட்டம்மாள் ஃப்ரீசர் கதவை மறித்து நின்றுவிட்டதால், இங்கே சைனா கிராஸ். தட்டில் ஊற்றி, உறைந்ததும் வில்லை போட்டு ஃப்ரீசரில் அடுக்கிவிடுவார்.

உப்பில்லை, எண்ணெயில்லை, தாளிப்பில்லை. “நான் ஒரு நாள் உப்பைக் குறைச்சுட்டா வீட்டை ரெண்டாக்கிருவாக. நத்தைக்கு மட்டும் பத்தியச் சமையல் தானா வருது” என்பது வீட்டம்மாளின் நிரந்தர வழக்கு. பக்கத்து வீட்டு ஆச்சியின் வழக்கு வேறு: “எங்க காலத்துல நத்தைய அவிச்சோம். நீ என்னல, நத்தைக்கு அவிக்க?”

ஆச்சியிடம் அவருக்குப் பதில் உண்டு, அதுவும் நீளமாக. நத்தை ஓடு முக்காலே மூணு வீசம் கால்சியம் கார்பனேட். முட்டை ஓடும் அதேதான். 100 கிராம் முருங்கைக்கீரையில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. பசலைக்கீரை பார்க்கப் பச்சையாக இருந்தாலும், அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. தண்ணீரில் அமிலம் ஏறினால் ஓடு அரித்துப் போகும். இந்த இடத்தில் அவர் குரல் உயரும்: “நம்ம போர் தண்ணி தங்கம்ல ஆச்சி!” குழாயில் படியும், பாத்திரத்தில் வெள்ளை பூக்கும், பருப்பு வேகாது என்று கேன் தண்ணீர் வாங்கும் வீட்டில், அந்தச் சப்புத் தண்ணீரை மெச்சும் ஒரே ஆள் இவர். அவர் சொல்வதும் சரிதான். சுண்ணாம்புச் சத்துள்ள கடின நீரில்தான் நத்தை ஓடு உறுதியாக வளரும்.

சாயங்காலம் பந்தி. வில்லையைத் தொட்டியில் போட்டால், உணர்கொம்பை நீட்டி, மணம் பிடித்து, நத்தை புறப்பட்டு வந்து சேர வேண்டும். அதுவரை இவர் நகர மாட்டார். அதற்குள் சங்கரன்கோவில் பஸ் போய்விடும். நுண்பற்கள் வரிசைகட்டிய நாக்கால் நத்தை சுரண்டத் தொடங்கியதும், “பீர்க்கங்காய்தான் அவனுக்குப் பிடிக்கும்” என்று நமக்குத் தெரிவிப்பார். எந்த நத்தை ‘அவன்’ என்று கேட்டால் முகம் சுருங்கும்.

இவர் செய்யும் தப்பு சமையலில் இல்லை, பரிமாறுவதில்தான். தின்று மிஞ்சியதை மறுநாள் காலைக்குள் எடுத்துவிட வேண்டும். கிடந்து அழுகினால் அம்மோனியா ஏறி மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும். இவரோ, பாதி சாப்பாட்டில் இலையை எடுக்கக் கூடாது என்கிறார். அந்த மிச்சத்தில்தான் செடியோடு ஒட்டி வந்த கடுகளவு நத்தைகள் நூற்றுக்கணக்கில் பெருகிவிட்டன. அழைக்காமல் வந்தாலும் விருந்தாளிதானே என்று வில்லையின் அளவைக் கூட்டியிருக்கிறார்.

சங்கரன்கோவிலில் விஷப்பூச்சித் தொல்லை நீங்கப் பாம்பு, தேள் உருவங்களை வாங்கி உண்டியலில் போடும் வழக்கம் உண்டு. நத்தைக்கு ஓடு வெடித்தபோது இவர் கோயில் வாசலில் நத்தை உரு கேட்டதாகத் தெருவில் பேச்சு. அவர் மறுக்கிறார். “தொல்லை தீரணும்னா இவுக உருவத்தைத்தான் வாங்கிப் போடணும்” என்கிறார் வீட்டம்மாள்.

ஒரு விஷயத்தில் இவரைப் பாராட்டத்தான் வேண்டும். மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் கடையில் தரும் மருந்தை அட்டை படிக்காமல் ஊற்ற மாட்டார். சில மருந்துகளில் தாமிரம் இருக்கும்; நத்தைக்கு அது எமன். எலுமிச்சைத் தோட்டத்துக்கு மயில்துத்தம் கலந்த கையோடு வரும் நண்பரைத் தொட்டிப் பக்கம் அண்டவிடுவதில்லை.

இப்போது தொட்டி நிறைந்துவிட்டது. நீர்மட்டத்துக்கு மேலே கண்ணாடியில் இளஞ்சிவப்பு முட்டைக் கொத்துகள் வேறு. “பாவம், கொஞ்சத்தைக் குளத்துல விட்டுரலாமா?” என்று யோசிக்கிறார். 1980 வாக்கில் தைவானுக்குத் தின்பதற்காகக் கொண்டுபோன தென்னமெரிக்க ஆப்பிள் நத்தை விலைபோகாமல் வெளியே விடப்பட்டு, ஆசியாவின் நெல் நாற்றுகளை மேய்ந்தது. ஸ்பெயினின் எப்ரோ வயல்களில் புகுந்த பிறகு, 2012-இல் ஐரோப்பிய ஒன்றியம் அந்தப் பேரினம் முழுவதற்கும் தடை போட்டது. “என் நத்தை வேற சாதி, நாத்தைத் தொடாது” என்பார் இவர். பெரும்பாலும் உண்மை. ஆனால் கவரில் போட்டுக் கொடுக்கும் கடைக்காரருக்கு எந்தச் சாதி என்று தெரியாது. ஆகவே அண்ணாச்சி, வில்லை எத்தனை வேண்டுமானாலும் போடுங்கள். முட்டைக் கொத்தைச் சுரண்டி அதே ஃப்ரீசரில் வைத்துவிட்டுப் பிறகு குப்பையில் போடுங்கள். குளத்தில் மட்டும் விட்டுவிடாதீர்கள்.