கேதுவுக்கு எந்தக் கட்டம்?

இனம் பிரிக்கும் வேலையில் முதல் அடி வாங்கியவர் நம்முடைய கேதுதான். அமுதம் பரிமாறும்போது சுவர்பானு என்ற அசுரன் தேவர் பந்தியில் போய்க் குந்திவிட்டான். சூரியனும் சந்திரனும் "இவன் எங்கட ஆளில்லை" என்று போட்டுக்கொடுக்க, சக்கரம் வந்து தலை ராகு, உடல் கேது என்றாயிற்று. வெட்டின கையோடு கிரகமாகப் பதவியும் கொடுத்தார்கள். அந்தக் கேது பூசித்த தலம் மன்னார் மாந்தையிலுள்ள திருக்கேதீஸ்வரம் என்கிறது புராணம். வந்தவர் அசுரரா, தேவரா, கிரகமா? கேட்கவும் வழியில்லை, வாய் ராகுவோடு போய்விட்டது.

ஆளை எந்தக் கட்டத்தில் போடுவது என்ற சங்கடமே வெள்ளைக்காரருக்கு இல்லை. 1824இல் இலங்கையின் கரையோர மாகாணங்களில் சாதி வாரியாகத் தலை எண்ணினார்கள். 1871இல் தீவு முழுவதையும் எண்ணி, 24 இனம், 78 தேசியம் என்று எழுதினார்கள். 1881இல் பார்த்தால் இனம் ஏழுதான்! மிச்சப் பதினேழும் கப்பலேறிப் போகவில்லை, குமாஸ்தாவின் மைக்கூட்டில் கரைந்துபோயின. ஏழாவது இனத்தின் பெயர் 'ஏனையோர்'. கேதீஸ்வரத்துப் பக்கத்து மாந்தோட்டத் துறைமுகம் கொடிகட்டிப் பறந்த நாளில் அந்தக் குமாஸ்தாவை இறக்கியிருந்தால், அரபியரையும் பாரசீகரையும் ஒரே வரியில் 'ஏனையோர்' என்று போட்டுவிட்டு மத்தியானச் சோற்றுக்குப் போயிருப்பார்.

படித்தவர்களும் சும்மா இருக்கவில்லை. சோனகர் இனத்தால் தமிழரே என்று 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் கட்டுரை வாசித்தார். இல்லவே இல்லை என்று 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் புத்தகமே போட்டார். சண்டை மூதாதையரைப் பற்றித்தான். நடுவில் சோனகருக்கான சட்டசபைக் கதிரை ஒன்று கிடந்தது தற்செயல் என்று நம்புவோம்.

1911இல் தமிழரையே இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று பிரித்தார்கள். தனுஷ்கோடி கூப்பிடு தூரத்தில் இருக்கும் மன்னாருக்கு இது பெரும் பகிடி. பாட்டன் முந்தின வள்ளத்தில் வந்தால் ஒரு இனம், பிந்தின வள்ளத்தில் வந்தால் வேறு இனம்! பிந்தின வள்ளக்காரரில் பெரும்பாலானோருக்கு 1948இல் பிரஜாவுரிமை போனபோது பகிடியும் போயிற்று.

1920களில் தொல்பொருள் ஆணையாளர் ஹோகார்ட் அந்தப் பழைய மாந்தோட்டம் புதைந்துகிடந்த மாந்தைத் திட்டியைத் தோண்டினார். சாதியைப் பற்றிப் பின்னாளில் புத்தகம் எழுதியவரும் அவரேதான். தோண்டியெடுத்த ஓட்டுச்சில்லு எதிலும் சமைத்தவரின் சாதி ஒட்டியிருக்கவில்லை.

முன்பு சாதிப் பட்டியலில் நின்ற கரையோரப் பரவர், 2001 கணக்கெடுப்பில் 'பரதர்' என்ற தனி இனமாகப் பதவி உயர்வு பெற்றார்கள். ஆகவே வாசகரே, அடுத்த தரம் படிவத்தோடு ஆள் படலைக்கு வந்தால், ஒரு தேத்தண்ணி கொடுத்துவிட்டுக் கேளுங்கள்: "தம்பி, போன தரம் நான் யார்?"