பெருக்கல் வாய்ப்பாடு வாழ்க!

சிறுசேரியில் எங்கள் தெருமுனைக் காலிமனைக் குப்பைக்குப் பொழுது சாய்ந்ததும் யாரோ தீ வைத்துவிடுகிறார்கள். பழைய ஒயர், பால் கவர், பி.வி.சி. குழாய்த் துண்டு எல்லாம் சேர்ந்து தொண்டையைக் கமறவைக்கும். ஜன்னலைச் சாத்துவோம். எங்கள் அறிவு அவ்வளவுதான்.

நாட்டின் நச்சுக்காற்றைக் கணக்கிடும் பெருமக்களுக்கு ஜன்னலைத் திறக்கும் தேவையே இல்லை. இப்படி எரியும் குப்பையில் பிறக்கும் டயாக்சின் என்ற நஞ்சின் கணக்குக்கென்றே ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் ஒரு கையேடு கொடுத்திருக்கிறது. எரிந்த குப்பை எத்தனை டன் என்று ஓர் எண், டன்னுக்கு எவ்வளவு நஞ்சு என்று இன்னோர் எண். பெருக்கினால் தேசத்தின் நஞ்சு கிராம் சுத்தமாக வந்துவிடும். எரிந்ததை யார் எடை போட்டார்கள் என்று கேட்பது அற்பத்தனம். தலைக்கு இவ்வளவு குப்பை, அதில் எரிவது இத்தனை பங்கு என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். வைத்துக்கொள்வதில் நம்மை மிஞ்ச ஆள் ஏது?

அந்தக் கையேட்டின் மகிமையையும் கேளுங்கள். திறந்தவெளியில் எரியும் வீட்டுக் குப்பைக்கு, 2005 பதிப்பில் டன்னுக்கு 300 மைக்ரோகிராம். 2013 பதிப்பில் 40. புதிய அளவீடுகள் வந்தன, திருத்தினார்கள், நியாயம்தான். ஆனாலும் எந்தத் தீயணைப்பு வண்டியும் செய்யாத வேலையை ஓர் அழிப்பான் செய்துவிட்டதே! எங்கள் தெருப் புகைதான் பாவம், புதிய பதிப்பைப் படிக்காமல் பழைய நாற்றத்தையே இன்னும் வீசிக்கொண்டிருக்கிறது.

சட்டத்தையும் குறை சொல்ல முடியாது. திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய் அபராதம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016லேயே சொல்லிவிட்டது. 2022 ஏப்ரலில், எங்கள் சிறுசேரி இருக்கும் இதே பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம், பெருங்குடிக் குப்பைமேடு நாள்கணக்கில் எரிந்தது. அதற்கு அபராதச் செய்தி எட்டியிருக்காது.

காற்றுத் தரக் குறியீடோ பண்பின் சிகரம். எட்டு மாசுகளைக் கணக்கில் கொள்ளும். டயாக்சின் அந்த எட்டில் இல்லை. அழைக்காத விருந்தாளிக்கு இலை போடாத கண்டிப்பு!

எல்லாவற்றையும் விடப் பெரியது நம் கொடைகுணம். 1984இல் போபாலில் ஆயிரக்கணக்கானோர் நச்சுவாயுவால் மாண்டார்கள். அதைக் கண்டு பதறிய அமெரிக்கா, 1986இல் ஒரு சட்டம் செய்தது: ஆலைகள் எந்த நஞ்சை எவ்வளவு வெளியேற்றுகின்றன என்று ஆண்டுதோறும் அறிவிக்க வேண்டும், அங்குள்ள யாரும் அதைப் பார்க்கலாம். முல்லைக்குத் தேர் கொடுத்த பாரிகூட வீட்டுக்கு நடந்துதான் போயிருப்பான். நாமோ பிணங்களை வைத்துக்கொண்டு பாடத்தை மட்டும் கொடுத்து அனுப்பினோம். அப்படியொரு பொதுப் பதிவேட்டை நமக்கென்று வைத்துக்கொள்ளும் சுயநலம் இன்றுவரை நமக்கு வரவில்லை.

டயாக்சினைக் கட்டுப்படுத்துவோம் என்று ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையை 2006இல் ஏற்ற நாடு இது. கணக்கெடுக்கும் பெருமக்கள் ஒருநாள் மாலை எங்கள் தெருவுக்கு வரவேண்டும், காபி தருகிறோம். வாய்ப்பாடு மட்டும் கொண்டுவந்தால் போதும். மூக்கை வீட்டிலேயே வைத்துவிட்டு வரலாம்.